மின் சிக்கனம் விளக்கோடு நின்றுவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மின்கட்டணம் உயரும்போதெல்லாம் நாளிதழ்களில் மின் சிக்கனக் குறிப்புகள் வெளிவருகின்றன. அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணைக்க வேண்டும், பகலில் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும், கைபேசி சார்ஜரைச் செருகியபடியே விடக் கூடாது என்பன போன்ற அறிவுரைகள் அவற்றில் இருக்கும். அவற்றுள் எதுவும் தவறானதன்று. ஆனால் வீட்டு மின்செலவில் எது பெரியது, எது சிறியது என்ற கணக்கு மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அந்தக் கணக்கு தெரியாதவர் பத்துச் சிறிய காரியங்களை அக்கறையோடு செய்துவிட்டு, பெரிய ஒன்றை அப்படியே விட்டுவிடுகிறார். மாத முடிவில் கட்டணம் குறையாததைக் கண்டு, சிக்கனம் என்பதே வீண்வேலை என்ற முடிவுக்கும் வந்துவிடுகிறார். பணத்தையும் சுற்றுச்சூழலையும் ஒருசேரக் காக்க விரும்பும் ஒருவர் இப்படி மனம் சோர்ந்து போவது மிகப் பெரிய இழப்பு என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

விளக்கைப் பொறுத்தவரை, பாதிக்கு மேல் வென்றாகிவிட்டது என்றே சொல்லலாம். பழைய குண்டு பல்பு தான் வாங்கிய மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஒளியாகத் தராமல், மிச்சமெல்லாவற்றையும் வெப்பமாக வீணடித்தது. 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இன்று 8 அல்லது 9 வாட் எல்இடி விளக்கு தந்துவிடுகிறது. நீல ஒளி தரும் எல்இடியை உருவாக்கியதற்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீலம் கிடைத்த பிறகே வீட்டுக்கேற்ற வெள்ளை எல்இடி விளக்கு சாத்தியமாயிற்று. வீட்டில் இன்னும் குண்டு பல்பு எங்காவது எரிந்துகொண்டிருந்தால், அதை மாற்றுவதே முதல் வேலை. எல்லாம் எல்இடியாக மாறிவிட்ட வீட்டில் விளக்கிலிருந்து இனிப் பெறக்கூடிய சேமிப்பு சொற்பம்.

அப்படியானால் மின்சாரம் எங்கே போகிறது? ஒன்றைச் சூடாக்குவதிலும் குளிர்விப்பதிலும்தான் பெரும்பகுதி போகிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் ஆற்றல் தேவை. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3600 கிலோஜூல். இருபது லிட்டர் பிடிக்கும் ஒரு வாளித் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர, இந்தக் கணக்கின்படி, கிட்டத்தட்ட அரை யூனிட் செலவாகும். 9 வாட் எல்இடி விளக்கு ஒன்று இரண்டு நாள் இரவும் பகலும் அணையாமல் எரிந்தாலும் அந்த அரை யூனிட் தீராது. இதைச் சொல்வது விளக்கை எரியவிடலாம் என்பதற்காக அன்று. விளக்கின் சுவிட்ச் மீது நாம் காட்டும் கவனத்தில் பாதியையாவது வெந்நீர்க் குழாயின் மீதும் காட்ட வேண்டும் என்பதற்காக.

நிமிடத்துக்கு 8 லிட்டர் ஊற்றும் பூவாளிக் குழாயின் கீழ் பத்து நிமிடம் நின்றால் 80 லிட்டர், அதாவது நான்கு வாளித் தண்ணீர் செலவாகிறது. நேரத்தைக் குறைத்தாலும், நீரின் வேகத்தைக் குறைக்கும் குழாய்த்தலையைப் பொருத்தினாலும், தண்ணீரும் மின்சாரமும் ஒரே அளவில் மிச்சமாகும். தொட்டியுள்ள ஹீட்டரை நாள் முழுவதும் போட்டு வைப்பவர்கள், அத்தொட்டி தன் சுவர்வழியே மெல்ல மெல்ல வெப்பத்தை இழந்துகொண்டே இருப்பதையும், இழந்ததை ஈடுகட்ட அது யாரும் கேட்காமலே மீண்டும் மீண்டும் மின்சாரத்தை எடுத்துக்கொள்வதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். துணி துவைக்கும் இயந்திரத்திலும் இதே கதைதான்: வெந்நீரில் துவைக்கும்போது செலவாகும் மின்சாரத்தில் மிகுதியானது தண்ணீரைச் சூடாக்கவே போகிறது, உருளையைச் சுழற்றும் மோட்டாருக்குப் போவது குறைவு. சாதாரண அழுக்குக்குக் குளிர்ந்த நீரே போதும். துவைத்த துணியை மின் உலர்த்தியில் போடாமல் கொடியில் காயவைத்தால், அந்தச் செலவு முழுவதுமாக நின்றுபோகிறது.

இங்கே சுற்றுச்சூழல் பற்றிய ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நிலக்கரி அனல்மின் நிலையம் ஒன்றில் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மற்றது புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் நீரின் வழியாகவும் வெளியேறிவிடுகிறது. கம்பி வழியில் வரும்போது இன்னும் கொஞ்சம் குறைகிறது. இப்படி வெப்பத்தை அரும்பாடுபட்டு மின்சாரமாக்கி, அதில் மூன்றில் இரண்டு பங்கை இழந்து, வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அதை மறுபடியும் ஒரு கம்பிச்சுருளில் பாய்ச்சி வெறும் வெப்பமாக மாற்றுவது, ஆற்றலைக் கையாளுவதிலேயே மிக மோசமான முறை என்பது என் கருத்து. நிலக்கரியிலிருந்து வரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. வெயில் நன்கு விழும் கூரை உள்ளவர்கள் சூரிய வெந்நீர் அமைப்பைப் பற்றி முதலில் யோசிக்கலாம். அதற்கு வழியில்லாதவர்களுக்கு வெப்ப ஏற்றி வகை வெந்நீர்ச் சாதனம் இருக்கிறது; அது வெப்பத்தைப் புதிதாக உண்டாக்காமல் சுற்றியுள்ள காற்றிலிருந்து இழுத்துத் தண்ணீரில் சேர்ப்பதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் அளவு வெப்பம் கிடைக்கிறது.

சமையலறையில் செலவு பிடிக்கும் இடம் நீராவி. தண்ணீர் கொதிநிலையை அடைந்த பிறகு அடுப்பை எவ்வளவு தூண்டினாலும், திறந்த பாத்திரத்தில் அதன் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டி உயராது. கூடுதலாகக் கொடுத்த வெப்பம் அத்தனையும் ஆவியாகி மேலே போய்விடும். 30 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் செலவாகும் ஆற்றலைப்போல் ஏழு மடங்குக்கும் மேலானது, அதே ஒரு லிட்டரை முழுவதுமாக ஆவியாக்கத் தேவைப்படும். எனவே கொதி வந்தவுடன் தீயைக் குறைத்துப் பாத்திரத்தை மூடி வைப்பது வெறும் பழக்கத்துக்காகச் சொல்லப்படுவதன்று. பொருள் வேகும் வேகம் அதனால் சற்றும் குறைவதில்லை. அழுத்தக் கொதிகலனான பிரஷர் குக்கரில் நீரின் கொதிநிலை ஏறத்தாழ 120 டிகிரி வரை உயர்வதால் வேகும் நேரம் வெகுவாகக் குறைகிறது. முதல் விசில் வந்த பிறகும் முழுத் தீயில் விட்டுவைத்தால், வால்வு வழியாகச் சீறிப் பாய்வது நம்முடைய எரிபொருள்தான்.

குளிர்விப்பது இதைவிடப் பெரிய செலவு. ஒன்றரை டன் ஏசியின் கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ 1500 வாட் இழுக்கும். பிஎல்டிசி எனப்படும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் பொருத்திய புதுவகை மின்விசிறி 30 வாட் அளவில் ஓடுகிறது. ஒரு ஏசி ஐம்பது விசிறிகளுக்குச் சமம் என்று மனத்தில் பதித்துக்கொண்டால், ரிமோட்டைக் கையில் எடுக்கும்போது தானாகவே நிதானம் வரும். ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் அதன் மின்செலவு 6 சதவீதம் வரை குறையலாம். கூடவே மின்விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால், காற்றோட்டத்தின் காரணமாக உடல் இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருப்பதுபோல் உணரும். ஆனால் விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, மனிதரைத்தான் குளிர்விக்கிறது. ஆகவே ஆளில்லாத அறையில் அது சுழல்வதால் ஒரு பயனும் இல்லை.

வெயிலை வீட்டுக்குள் விட்டுவிட்டு அதன்பிறகு ஏசியால் துரத்துவதைவிட, வாசலிலேயே நிறுத்துவது நல்லது. சன்னலுக்கு உட்புறம் தொங்கும் திரைச்சீலை, கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட வெயிலைத் தாங்கிச் சூடாகி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடுகிறது. கண்ணாடிக்கு வெளியே உள்ள தட்டியோ பந்தலோ மரநிழலோ அந்தச் சூட்டை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. மொட்டை மாடியில் பூசப்படும் வெண்ணிறப் பிரதிபலிப்புப் பூச்சும் அப்படித்தான். புதிதாக இருக்கும்போது அது தன்மேல் விழும் சூரிய ஆற்றலில் நான்கில் மூன்று பங்கு அளவைத் திருப்பி அனுப்பிவிடும். தூசு படியப் படிய அதன் பலன் குறைவதால், அவ்வப்போது கழுவிவிட வேண்டும்.

ஏசியில் இன்னொன்று இருக்கிறது; அது மின்கட்டணத்தில் தெரியாது என்பதால்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழுது பார்க்க வருபவர் "காஸ் குறைந்துவிட்டது, நிரப்பினால் போதும்" என்று சொல்வதைப் பலரும் கேட்டிருப்பார்கள். ஏசியின் குழாய்கள் மூடிய சுற்று. எரிபொருளைப்போல அதிலுள்ள வாயு செலவாகித் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்றே பொருள். ஆர்-410ஏ என்ற குளிர்பதன வாயுவின் புவி வெப்பமாக்கும் திறன், நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 2088 மடங்கு. ஆர்-32 என்ற வேறொரு குளிர்பதன வாயுவுக்கு அது 675. ஆர்-410ஏ ஒரு கிலோ கசிந்து வெளியேறினால் இரண்டு டன்னுக்கும் அதிகமான கரியமில வாயுவை வெளியிட்டதற்குச் சமம். ஆண்டெல்லாம் பார்த்துப் பார்த்துச் சேமித்த யூனிட்டுகளால் கிடைத்த சூழல் நன்மை ஒரே கசிவில் கரைந்துபோகலாம். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கையில், இத்தகைய வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்கும் திருத்தம் 2016இல் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் சேர்க்கப்பட்டது இதனால்தான். எனவே கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே வாயுவை நிரப்பச் சொல்ல வேண்டும். பழைய ஏசியைக் கழிக்கும்போது உள்ளே இருக்கும் வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் எடுத்துச் சேகரிக்கத் தெரிந்தவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

குளிர்பதனப் பெட்டியின் செலவு ஒவ்வொரு மணி நேரத்திலும் சிறியது; ஆனால் அது ஆண்டு முழுவதும் ஓய்வதில்லை. கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவை மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியேறிக்கொண்டிருக்கிறது. ரப்பரைச் சோப்பு நீரால் துடைத்தோ மாற்றியோ சரிசெய்யலாம். கீழ்ப்பகுதியில் 4 டிகிரியும், உறைநிலை அறையில் பூச்சியத்துக்குக் கீழ் 18 டிகிரியும் போதும். அதற்கு மேல் குளிர்விப்பது வீண்செலவு. புதிய பெட்டி வாங்கிய பிறகு பழையதையும் ஒரு மூலையில் ஓடவிடும் வீடுகளில், புதியதால் வர வேண்டிய சேமிப்பு வந்தது தெரியாமலே போய்விடுகிறது.

இனி, கண்ணுக்குத் தெரியாத செலவு. மின்னணு மீட்டரில் சிறு சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்பதை மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று இருந்தால், ஒவ்வொரு மின்னலும் ஒரு யூனிட்டில் 3200இல் ஒரு பங்கு. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டோம் என்று நாம் நம்பும் நேரத்தில், குளிர்பதனப் பெட்டியையும் சில நிமிடங்கள் நிறுத்திவிட்டு, அந்த விளக்கின் இரண்டு மின்னல்களுக்கு இடையே எத்தனை விநாடி என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 22 அல்லது 23 விநாடிக்கு ஒருமுறை மின்னினால், யாரும் பயன்படுத்தாத அந்த நேரத்திலும் வீடு 50 வாட் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 50 வாட் இடைவிடாமல் ஓடினால் ஆண்டுக்கு 438 யூனிட். அதன்பிறகு ஒவ்வொரு செருகியாகக் கழற்றிக்கொண்டே வந்தால், மின்னலின் இடைவெளி எப்போது சட்டென்று நீள்கிறதோ அங்கே இருக்கிறது காரணம். பெரும்பாலும் ரிமோட்டில் மட்டும் அணைக்கப்பட்ட செட்டாப் பாக்ஸ், பழைய ஒலிபெருக்கி, யாரும் திரும்பிப் பாராத ஏதேனும் ஒரு அடாப்டர். எந்தக் கருவியும் வாங்காமல், செலவில்லாமல், எவர் வேண்டுமானாலும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. பள்ளி மாணவர்களிடம் இதை ஒப்படைத்தால் உற்சாகமாகச் செய்வார்கள்.

காத்திருப்பு நிலையில் எந்தச் சாதனமும் ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற இலக்கைப் பன்னாட்டு ஆற்றல் முகமை 1999இலேயே முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் பெரும்பாலான வீட்டுச் சாதனங்களுக்கு அதை அரை வாட்டாகவே குறைத்துவிட்டது. ஒரு வாட் ஆண்டு முழுவதும் ஓடினால் 8.76 யூனிட் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், எந்தச் சாதனத்தின் வீண்செலவையும் மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

சாதனம் வாங்கும்போது நாம் விலைச்சீட்டை மட்டுமே பார்க்கிறோம். நாள்தோறும் 12 மணி நேரம் ஓடும் 75 வாட் மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட் விசிறி ஓடினால், முழு வேகக் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 197 யூனிட் மிச்சமாகும். தம் பகுதியின் யூனிட் கட்டணத்தால் இதைப் பெருக்கிப் பார்த்தால், கூடுதலாகக் கொடுத்த விலை எத்தனை ஆண்டில் திரும்பும் என்பது அவரவருக்கே விளங்கும். அதே நேரத்தில், எப்போதோ ஒருமுறை பயன்படுத்தும் சாதனத்தை, இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தூக்கிப்போட்டுவிட்டுப் புதியது வாங்குவது சூழலுக்கு நன்மையாகாது. அதைச் செய்யவும் ஆற்றலும் கனிமங்களும் செலவாகியிருக்கின்றன. அதிக நேரம் ஓடுவதை முதலில் மாற்ற வேண்டும். அரிதாக ஓடுவதை அதன் ஆயுள்வரை வைத்திருக்க வேண்டும்.

சேமிப்பிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. நீராவி எந்திரங்கள் திறன் மிக்கவையாக மாற மாற, பிரிட்டனின் நிலக்கரிச் செலவு குறையாமல் கூடுவதை 1865இலேயே பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் சுட்டிக்காட்டினார். வீட்டிலும் அது நடக்கிறது: குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஏசி என்பதற்காகவே அதைக் கூடுதல் நேரம் ஓட்டுவதும், எல்இடிதானே என்று வீட்டைச் சுற்றி விளக்குகளைப் பெருக்குவதும் அதன் இன்றைய வடிவம். சாதனத்தை மாற்றிய பிறகும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் இதற்கு மாற்று.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒற்றை விசிறியும் இரண்டு விளக்கும் மட்டுமே உள்ள குடும்பத்திடம் போய்ச் சிக்கனம் பேசுவது நியாயமன்று. முதியவர்களும் கைக்குழந்தைகளும் நோயாளிகளும் கடும் வெப்பத்தில் விசிறியையோ ஏசியையோ அணைத்துவிட்டு வதங்கக் கூடாது. கடும் வெப்பம் உயிரையே பறிக்கக்கூடியது. இந்த அறிவுரைகள் எல்லாம் மிகுதியாகச் செலவிடுபவர்களை நோக்கியவை.

வாடகை வீட்டில் குடியிருப்பவர்களின் நிலை தனியானது. ஹீட்டரைத் தேர்ந்தெடுப்பவரும், மொட்டை மாடிக்கு வெள்ளை அடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவரும் வீட்டு உரிமையாளர். மின்கட்டணம் செலுத்துபவரோ குடியிருப்பவர். செலவு செய்ய வேண்டியவருக்குப் பலன் இல்லை, பலன் பெறுபவருக்கு மாற்றும் உரிமை இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்காமல் எத்தனை குறிப்புகள் வெளியிட்டாலும் வாடகைக்குக் குடியிருக்கும் எண்ணற்ற குடும்பங்களுக்கு அவை பயன்படாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு நெறிமுறை, ஆற்றல் சான்றிதழ் பெற்ற வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ விளம்பரம் செய்யும்போது அதன் ஆற்றல் தரத்தையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்று விதித்தது. வீடு பார்க்க வருபவர் வாடகையோடு மின்செலவையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினால்தான் உரிமையாளருக்கும் அதில் அக்கறை பிறக்கும்.

இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தங்கள் நாளிதழில் வெளியாகும் வாடகை வீட்டு வரி விளம்பரங்களில், அறைகளின் எண்ணிக்கைக்கும் தண்ணீர் வசதிக்கும் அருகே, "கடந்த ஆண்டு மின்செலவு இத்தனை யூனிட்" என்ற ஒரு வரியைக் கூடுதல் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ள விளம்பரதாரர்களை அனுமதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முன்பு குடியிருந்தவரின் பழக்கத்தைப் பொறுத்து அந்த எண் கூடலாம், குறையலாம். ஆனாலும் ஒரே தெருவில் இரண்டு வீடுகளைப் பார்ப்பவருக்கு அது கேள்வி கேட்க ஒரு பிடியைத் தரும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்